தட்டிப் பார்த்தது வேறு கதவை

"இந்தச் சோதனைய என் கம்ப்யூட்டர்லயே பண்ண வேண்டாமா பாப்பா?" என்று அத்தை முதலில் கேட்டார்.

"எதுல பண்ணாலும் ஒண்ணுதான் அத்தை. வெளியிலிருந்துதானே பாக்குறாங்க."

"இல்ல, கம்பெனி குடுத்த தாள்ல 'வேலை செய்யும் கணினி'ன்னு போட்டிருக்கு. அதான் கேட்டேன்."

"உங்களுக்குத்தான் அவசர வேலை ஓடிட்டிருக்கே. நீங்க டைப் பண்ணுங்க. நான் என் லேப்டாப்ல ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடறேன்."

"வைஃபை பாஸ்வேர்டு வேணுமா? ரூட்டருக்கு அடியில ஒட்டியிருக்கு. அலமாரிய நகர்த்தணும். மாமா வந்துடட்டும்."

"வேண்டாம் அத்தை. என் போன்லயே நெட் இருக்கு."

"உன் போன் நெட்ட வச்சு என் வீட்டப் பாத்துட முடியுமா?"

நான் சிரித்தேன். "இது எக்ஸ்ரே மாதிரி அத்தை. மெஷின் யாரோடதா இருந்தா என்ன?"

"மெஷின் யாரோடதா வேணா இருக்கட்டும். படுக்கிற ஆள் நானா இருக்கணுமில்ல?"

"அதெல்லாம் அது பாத்துக்கும்."

"சரி, படிச்ச புள்ள சொல்ற" என்று சொல்லிவிட்டு அத்தை ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

நான் சொன்ன மாதிரியே இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இணையத்தில் இதற்கென்று சில தளங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டின் இணைய இணைப்புக்கு வெளியிலிருந்து உள்ளே வர ஆயிரக்கணக்கான வாசல்கள் உண்டு. போர்ட் என்பார்கள். அந்தத் தளம் முக்கியமான வாசல்களை ஒவ்வொன்றாக வெளியிலிருந்து தட்டிப் பார்த்து, மூடியிருப்பதைப் பச்சையிலும் திறந்திருப்பதைச் சிவப்பிலும் காட்டும். எனக்குப் பக்கம் முழுக்கப் பச்சை வந்தது. அதை அத்தைக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அத்தை அச்செடுத்து, கம்பெனியின் படிவத்தோடு சேர்த்து ஒட்டினார். படிவத்தின் கடைசியில் ஓர் உறுதிமொழி இருந்தது. இந்தச் சோதனையை என் வீட்டு இணைப்பில் நானே செய்தேன் என்று. 'நானே' என்ற சொல்லுக்கு வந்ததும் அத்தையின் பேனா நின்றது.

"நீ பண்ணா என்ன, நான் பண்ணா என்ன" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அப்பாவின் தங்கை இந்த அத்தை. பத்தொன்பது வருடமாக வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறார். மருத்துவமனைகளில் டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்த பிறகு, கண்டதையெல்லாம் பேசிப் பதிவு செய்து வைப்பார்கள். அந்தக் குரல் கம்பெனி வழியாக அத்தையின் காதுக்கு வரும். அத்தை அதைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். மேஜைக்கு அடியில் தையல் இயந்திரத்துக்கு இருப்பதுபோல் ஒரு மிதி இருக்கும். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். இத்தனை வருடப் பழக்கத்தில் அத்தையின் வலது கால் வேலை இல்லாதபோதும் வேலை செய்யும். யாராவது வேகமாகப் பேசினால் கட்டைவிரல் தரையிலிருந்து எழும்பிவிடும். மாமா லிஃப்ட் மெக்கானிக். பேச்சில் ஓயாதவர். "இவ கால் தூக்கிட்டா நான் வாய மூடணும். கல்யாணமான பிறகு நான் கத்துக்கிட்ட ஒரே இங்கிலீஷ் அதுதான்" என்பார்.

டாக்டர்களின் பெயர் அத்தைக்குத் தெரியாது. எண்தான் வரும். அதனால் அவரே பெயர் வைத்திருந்தார். பேச்சுக்கு நடுவே மென்றுகொண்டே இருப்பவர் 'சாப்பாட்டு டாக்டர்'. ஒவ்வொரு வரிக்கும் பெருமூச்சு விடுபவர் 'மாமியார் டாக்டர்'. "இன்னைக்கு மாமியாருக்கு உடம்பு சரியில்ல, ஒரே இருமல்" என்று ஒருநாள் அத்தை சொல்ல, வீட்டுக்கு வந்திருந்த அவருடைய நிஜ மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்.

டாக்டர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார். நோயாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மாடி வீட்டம்மாவின் கணவருடைய அறிக்கை ஒருமுறை அத்தையின் கைக்கே வந்துவிட்டது. வயதும் ஊரும் வேலையும் சேர்ந்ததும் ஆள் யாரென்று புரிந்துவிட்டது. நல்ல செய்தி இல்லை. அவர்களுக்கே மறுநாள்தான் தெரியும். அத்தை அதை அடித்து அனுப்பிவிட்டு, அன்று முழுவதும் மாடிப்படிப் பக்கமே போகாமல் பின்வாசல் வழியாகக் குப்பையைக் கொண்டு போய்ப் போட்டாராம். "என் மூஞ்சி பொய் சொல்லாது பாப்பா. அதான் மூஞ்சியக் காட்டல." இதையும் அந்த மனிதர் குணமாகி இரண்டு வருடம் கழித்துத்தான் அத்தை என்னிடம் சொன்னார். அப்படிப்பட்ட வாய்.

அத்தையின் ஆங்கிலம் வினோதமானது. கல்லீரல் வீக்கத்துக்கும் முதுகெலும்புத் தேய்மானத்துக்கும் உள்ள நீளமான சொற்கள் எழுத்துப் பிசகாமல் விரலில் வரும். ஆனால் கணினித் திரையில் நாலு வரி ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழும்பி, சரியா, வேண்டாமா என்று கேட்டால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இரண்டு மொழியிலும் படித்தவள் என்று எங்கள் குடும்பத்தில் என்னைத்தான் சொல்வார்கள். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கடிதங்களை இந்த மொழியிலிருந்து அந்த மொழிக்கு மாற்றுவது என் வேலை. அதனால் அந்த வருடம், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் எல்லோரும் தங்கள் இணைப்பைச் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்று கம்பெனி புது விதி போட்டதும் அத்தை என்னைக் கூப்பிட்டார். எனக்கு மொழி தெரியும். கணினி அவ்வளவாகத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஒன்பது நாள் கழித்து, அலுவலகத்தில் மதிய இடைவேளையில், எப்போதும் இரண்டு டீ வாங்குவதால் 'ரெண்டு டீ' என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர் அதே தளத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"பாத்தீங்களா, என் வீடு முழுக்கப் பச்சை. எறும்பு கூட நுழைய முடியாது" என்றார்.

எங்கள் கணினிகளைப் பராமரிக்கும் அக்கா கையில் டிபன் டப்பாவோடு எட்டிப் பார்த்தார். "இங்க ஒக்காந்துட்டு எப்படிய்யா உன் வீட்டப் பாப்ப?"

"இந்த வெப்சைட் பாக்குது."

"எந்த லைன்லேர்ந்து நீ இதைத் திறக்கறியோ, அந்த லைனத்தான் அது தட்டும். மேல ஒரு நம்பர் போட்டிருக்கு பாரு, அது நம்ம ஆபீஸ் நம்பர். ஆபீஸ் கதவத் தட்டிட்டு உன் வீடு பூட்டியிருக்குன்னு சொல்ற. பக்கத்து வீட்டுக்காரருக்கு ரத்தம் எடுத்துட்டு உனக்கு சர்க்கரை இல்லன்னு சொன்ன மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நான் அன்று தட்டியது என் கைப்பேசியின் இணைப்பை. அத்தையின் வீட்டு இணைப்பை யாரும் தொடவே இல்லை. அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று எனக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. அத்தை கையெழுத்துப் போட்ட தாளுக்கு மட்டும் தெரிந்த மாதிரி இருந்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மாடி வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். அத்தை என்னைக் காட்டி, "இவதான் என் அண்ணன் பொண்ணு. கம்ப்யூட்டர்ல ஓட்டை ஒடைசல் இருக்கான்னு பாத்துக் குடுத்தா. ரெண்டு பாஷையிலயும் புலி" என்றார்.

"புலிக்கு டீ சர்க்கரையோடவா, இல்லாமலா?" என்று மாமா உள்ளேயிருந்து கேட்டார்.

சர்க்கரையோடு என்றேன். குடித்தேன். மாடி வீட்டம்மா தன் மகனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "அத்தை, அந்த ரிப்போர்ட்..." என்று ஆரம்பித்தேன்.

"அனுப்பியாச்சு பாப்பா. சரின்னு பதிலும் வந்தாச்சு. உனக்குத்தான் ஒரு நாள் வீணாப் போச்சு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை" என்றேன். அந்த நிமிடம் என் மனதில் வந்தது நிம்மதி. அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

பிறகு சமாதானங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெரும்பாலான வீடுகளில் எல்லா வாசலும் மூடித்தான் இருக்கும் என்று எங்கோ படித்தேன். அத்தை வீடும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த முறை போகும்போது யாருக்கும் தெரியாமல் அத்தையின் இணைப்பில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். இரண்டு நிமிட வேலை. அதற்குப் பிறகு நான்கு முறை அந்த வீட்டுக்குப் போனேன். பார்க்கவில்லை. பார்த்து, சிவப்பு வந்துவிட்டால் சொல்ல வேண்டியிருக்கும். பார்க்காதவரை சொல்ல எதுவும் இல்லை.

சிவப்பு இருக்கத்தான் செய்தது. அதற்கு முந்தைய வருடம் வாசலில் விடும் செருப்புகள் அடிக்கடி காணாமல் போனதால் மாமா ஒரு கேமரா மாட்டினார். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்டுக்கு அடியில் இருந்தாலும் கைப்பேசியில் வாசலைப் பார்க்க வேண்டும் என்றார். அத்தைக்கு போன் செய்து, "வாசல்ல யாரோ ஒரு அம்மா ரொம்ப நேரமா நிக்குது, யாருன்னு பாரு" என்பார். "அது நான்தான், கீரை ஆயறேன்" என்பார் அத்தை. மாமா அப்படிப் பார்ப்பதற்காகக் கேமரா மாட்டிய ஆள் ரூட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிட்டுப் போயிருந்தார். மாமாவுக்குத் திறந்த வாசல் ஊருக்கே திறந்து கிடந்தது.

இரண்டு மாதம் கழித்து, கம்பெனி தன் பங்குக்கு எல்லோருடைய வீட்டு இணைப்பையும் தானே வெளியிலிருந்து தட்டிப் பார்த்தது. அத்தையை நேரில் வரச் சொன்னார்கள். அங்கே நடந்ததை மாமாதான் எனக்குச் சொன்னார். அத்தை அவரிடம் ஒருமுறை மட்டும் சொன்னாராம்.

மேலாளர் அத்தையின் மகள் வயதுப் பெண். இரண்டு தாள்களை மேஜைமேல் வைத்தார்.

"இது உங்க வீட்டு இணைப்போட நம்பர். எங்க பதிவுல இருக்கறது. இது நீங்க குடுத்த அறிக்கையில இருக்கற நம்பர். ரெண்டும் வேற. இது யாரு வீடும்மா?"

"என் வீடுதான்."

"நம்பர் வேறயா இருக்கே."

"என் மேஜைக்குப் பக்கத்துல வச்சு எடுத்ததும்மா. நான் அங்கயேதான் இருந்தேன்."

"உங்க வீட்ல ஒரு வாசல் திறந்து கிடக்கு. இந்தத் தாள்ல ஒண்ணுகூட திறக்கல. பக்கத்து வீட்லயோ எங்கயோ எடுத்த அறிக்கைய வாங்கி ஒட்டியிருக்கீங்கன்னுதான் நாங்க நினைக்க வேண்டியிருக்கு."

அத்தை அதே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னாராம். என் வீடுதான், என் வீடுதான் என்று. இதே சோதனை விஷயமாக வந்து வரிசையில் உட்கார்ந்திருந்த மற்றப் பெண்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. விசாரணை முடியும்வரை அத்தைக்குப் புதிய குரல்கள் வராது என்று சொல்லிவிட்டார்கள். நோயாளிகளின் விஷயம், பொய்த்தாள் கொடுத்தவரிடம் எப்படிக் கொடுப்பது என்று அந்தப் பெண் கேட்டது நியாயம்தான். அதைக் கேட்டது அத்தையிடம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை மதியம் வந்துவிட்டுப் போ என்று அத்தை கூப்பிட்டார். போனபோது கால் மிதி மேஜையின் மேல் இருந்தது. ஒயரை அழகாகச் சுற்றி வைத்திருந்தார். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, "எல்லாம் என் செருப்பால வந்தது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே எழுந்து வெளியே போய்விட்டார்.

அத்தை பச்சைத் தாளின் நகலை என் முன்னால் வைத்து, மேலே சிறிய எழுத்தில் இருந்த எண்ணின்மேல் விரலை வைத்தார்.

"இது யார் நம்பர் பாப்பா?"

"என் போனோடது."

அத்தைக்கு உடனே புரியவில்லை. புரியும்படி சொன்னேன். எந்த இணைப்பில் உட்கார்ந்து திறக்கிறோமோ அதைத்தான் அந்தத் தளம் தட்டும் என்றும், நான் என் இணைப்பைத் தட்டினேன் என்றும் சொன்னேன். அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பாராட்டியிருப்பார்கள், அவ்வளவு தெளிவாக விளக்கினேன். எக்ஸ்ரேயைப் பற்றி அவர் சொன்னதை இப்போது எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை.

"பாவம், உனக்குத் தெரியாது. தெரிஞ்சா பண்ணியிருக்க மாட்ட" என்றார்.

அங்கேயே விட்டிருக்கலாம். அத்தை எனக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் பொய் சொல்லாத அந்த முகம் எதிரே இருந்தது.

"அப்பத் தெரியாது அத்தை. அப்புறம் தெரிஞ்சது."

"எப்ப?"

"ஒன்பது நாள்ல."

அத்தை விரலை எடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழம வந்தியே, மாடி வீட்டம்மா இருந்தாங்களே. அன்னைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதுக்கப்புறம் அலமாரி மேலேர்ந்து போர்வை எடுத்துக் குடுத்தியே, அன்னைக்கு?"

"தெரியும் அத்தை."

அவர் வேறு எந்த நாளையும் கேட்கவில்லை. வலது கால் கட்டைவிரல் தரையிலிருந்து எழும்பியிருந்தது. நான் அப்போது ஒன்றும் பேசிக்கொண்டிருக்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு அழ ஒரு வழி கிடைத்திருக்கும்.

"நான் கம்பெனிக்கு வந்து சொல்லிடறேன். நான்தான் பண்ணேன், அத்தைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு" என்றேன்.

"சொல்லி?"

"உங்க மேல தப்பில்லன்னு புரிஞ்சிடும்."

"நானே பண்ணேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே பாப்பா. நீ வந்து நின்னா, தாளும் பொய், கையெழுத்தும் பொய்னு ஆயிடும். இப்ப ஒண்ணோட நிக்குது."

என் நேர்மை எவ்வளவு தாமதமாக வந்தது என்றால், அதனால் யாருக்கும் பயனில்லாமல் போய்விட்டது.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கேமரா மாட்டிய ஆள் வந்து திறந்த வாசலை மூடிவிட்டுப் போனார். மாமா அன்றிலிருந்து செருப்பை வீட்டுக்குள்ளேயே விடுகிறார். சோதனையை இம்முறை அத்தை தன் கணினியில், தன் இணைப்பில், தானே செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் வருவதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மவுஸைத் தொட என்னை விடவில்லை. முதலில் மேலே இருந்த எண்ணைக் கம்பெனித் தாளோடு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார்த்தார். ஐந்து வாரம் கழித்து வேலை திரும்ப வந்தது. கூடவே ஒரு பட்டப்பெயரும் வந்தது. கம்பெனிப் பெண்கள் அவரை 'பக்கத்து வீடு' என்கிறார்களாம். போன வருடம் ஒருத்தி என் எதிரிலேயே போனில் அப்படிக் கூப்பிட்டாள். "பக்கத்து வீடுதான் பேசறேன், சொல்லு" என்று அத்தை சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன்.

அந்தப் பெயருக்கு உரியவள் நான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதற்கு ஏற்பாடு செய்ததும் அத்தைதான். அந்தச் சனிக்கிழமை நான் கிளம்ப எழுந்தபோது உட்காரச் சொல்லிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து என் பக்கம் நகர்த்தினார். கம்பெனி எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தது, ஆங்கிலத்தில்.

"எனக்கு டாக்டர் சொன்னாத்தான் இங்கிலீஷ் வரும் பாப்பா, நானா சொன்னா வராது" என்றார். "நீ நல்லா எழுதுவ. என் பேர்ல எழுதிக் குடு. நானேதான் பண்ணேன், எந்த இணைப்புல பண்ணணும்னு எனக்குத் தெரியல, தப்பு முழுக்க என்னோடதுன்னு எழுது. யாரையோ கேட்டுப் பண்ணேன்னு மட்டும் எழுதிடாத."